படகுக்கு ஆறு ஜன்னல், ஒரு தடைக்காலம்

போன கார்த்திகை அடைமழையில் ஒரு ராத்திரி படகிலேயே தங்கினேன். மண்டபம் வடக்குக் கடல். வாடை கொஞ்சம் ஏறியிருந்தது, நங்கூரம் நன்றாகப் பிடித்திருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வலது காதுக்குள் ஒரு சொட்டு விழுந்தது. தலையைத் திருப்பிப் படுத்தேன், இடது காதில் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், ஜன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளி, கூரைத் துணியின் மடிப்பிலிருந்து அவசரமே இல்லாமல் சொட்டிக்கொண்டிருக்கிறது. மெத்தையில் பாதி ஊறிவிட்டது. மீதிப் பாதியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், விடியும் வரை.

படகு 26 அடி நீளம். 1970களில் இங்கிலாந்தில் வார்த்த ஃபைபர் பாய்மரப் படகு. அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏரா (கீல்) நடுவில் ஒன்றாக இல்லாமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. அதனால் கரையேற்றினால் முட்டுக்கொடுக்காமலே நாற்காலி போல நிற்கும், மூன்றடித் தண்ணீர் இருந்தால் ஓடும். பாக் விரிகுடாவின் சேற்றுக்கும் மணல்திட்டுக்கும் இதைவிடப் பொருத்தமான படகு கிடைக்காது. கொச்சியில் கேட்பாரற்றுக் கிடந்ததை நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கி லாரியில் கொண்டுவந்தோம். பாய்மரத்தோடு தெற்குக் கடலுக்குப் போக வேண்டுமென்றால் பாம்பன் பாலத்தைத் தூக்கும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் வடக்கிலேயே கிடக்கிறது. கரையில் அதற்கு வைத்த பெயர் ‘வெள்ளைக்காரன் வத்தை’. வத்தை என்றால் எங்கள் பக்கத்து நாட்டுப்படகு.

அதன் அறைச் சுவரில் ஆறு ஜன்னல். திறக்காத ஜன்னலைப் போர்ட்லைட் என்றும், திறக்கக்கூடியதை ஓப்பனிங் போர்ட் என்றும் பாய்ப்படகுக்காரர்கள் பிரித்துச் சொல்வார்கள். எங்கள் கரையில் இரண்டுமே ‘கண்ணாடி’தான். பக்கத்துக்கு இரண்டு நீளமான போர்ட்லைட், அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்மூக்குப் பக்கம், ஒவ்வொரு சின்னத் திறப்பு ஜன்னல். எல்லாமே அலுமினியச் சட்டத்தில் ஐம்பது வருஷ வெயில் பார்த்தவை. கண்ணாடிக்குப் பதிலாகப் போட்டிருந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் முழுக்க முடி போல வெடிப்பு ஓடி, வெளியே பார்த்தால் எந்நேரமும் பனிமூட்டம். ரப்பர் கேஸ்கெட்டை நகத்தால் சுரண்டினால் கருவாடு மாதிரி உடைந்து வந்தது.

ஆறு என்று சொன்னேன், அதில் ஒன்றை மட்டும் நான் ஏற்கெனவே மாற்றியிருந்தேன். அந்த வெட்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். வலப்பக்கப் பின் ஜன்னல். முந்தின வருஷம் மாசி மாசம், 6 மி.மீ. அக்ரிலிக் வெட்டி, ஓரம் முழுக்கப் பத்து இடத்தில் ஸ்க்ரூவுக்குக் கணக்காக ஓட்டை போட்டு, கார் முன்கண்ணாடி ஒட்டும் பாலியூரிதேனைத் தடவி, ஸ்க்ரூவை முடிந்த மட்டும் முறுக்கினேன். பசை நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தபோது மனசு நிறைந்துவிட்டது. அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் மூன்று ஓட்டைகளிலிருந்து கீறல் கிளம்பியது. ஐப்பசியில் தண்ணீர் வந்தது. எதை முறுக்கினேனோ அதுவே முதலில் ஒழுகியது.

இந்த முறை எங்கே ஒழுகுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தேன். படகில் தண்ணீர் நுழைவது ஓரிடம், சொட்டுவது வேறிடம். கூரைக்கும் உள்துணிக்கும் நடுவே ஒளிந்து ஓடி, பள்ளம் கண்ட இடத்தில் இறங்கும். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு மேலே இருந்த கைப்பிடிக் கம்பியின் போல்ட்டையெல்லாம் கழற்றி மறுபடி பூசியிருந்தேன். பலன் பூஜ்யம். பிறகு செய்தது இதுதான்: வாசல், மேல்மூடி, காற்றுக்குழாய் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தாளும் டேப்பும் வைத்து அடைத்தேன். கம்ப்யூட்டர் தூசி ஊதும் புளோயரை ஒரு ஓட்டை வழியே உள்ளே ஊதவிட்டேன். அறைக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் ஏறியதும், வெளியே ஜன்னல் ஓரங்களில் பிரஷ்ஷால் சோப்பு நுரை தடவினேன். சைக்கிள் டியூப் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். இடப்பக்க முன் ஜன்னலின் மேல்மூலையில், சட்டத்துக்கும் ஃபைபருக்கும் இடையே, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. அடுத்ததிலும் அப்படியே. கைப்பிடி போல்ட்டில் ஒரு குமிழ்கூட இல்லை. மழைக்குக் காத்திருக்காமல் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ஆளுக்கு ஆள் ஊகம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல்.

வேலையைத் தடைக்காலத்தில் வைத்துக்கொண்டோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கரையெல்லாம் ஏற்றிவைத்த படகு, தச்சு, வெல்டிங், பெயிண்ட். கை நீட்டினால் ஒரு கருவி கிடைக்கும். ஆனால் ஆள் கிடைக்காது, எல்லாருக்கும் இதே 61 நாள்தான். ஒரு ஓடாவி மாமா மட்டும் கிடைத்தார். வத்தையும் வள்ளமும் கட்டின கை. ஃபைபர் வந்தபிறகு மரவேலை குறைந்து, இப்போது கூப்பிட்ட இடத்துக்குப் போகிறார். எனக்குத் தூரத்துச் சொந்தம்.

படகைச் சுற்றி வந்தார், விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். “மரமா இருந்தா பஞ்சைத் திணிச்சுக் கலப்பத்துப் பண்ணிக் கடல்ல விட்டா, தண்ணியக் குடிச்சு அதுவே ஊதி அடைச்சுக்கும் மாப்ள. இது குடிக்காதே. இதுக்கு எவன் அடைப்பான்?”

அந்தக் கேள்வி எனக்கு ரொம்ப நாள் உதவியது.

கழற்றுவதில்தான் பாதி உயிர் போனது. அலுமினியச் சட்டத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ. இரண்டு உலோகமும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் தன்னைத்தானே தின்ன ஆரம்பிக்கும். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, மறை முழுக்க சிமெண்டாகிவிட்டது. இம்பாக்ட் டிரைவரால் அடித்தால் தலை நசுங்கியது. ஹீட் கன் வைத்தால் உள்துணி பொசுங்கியது. கடைசியில் ஒவ்வொரு ஸ்க்ரூத் தலையையும் டிரில்லால் குடைந்து எடுத்தோம், ஜன்னலுக்குப் பதினெட்டு. சட்டம் வளைந்து, உடைந்து, கடைசியாக வந்தபோது மாமா அதைக் கையில் நிறுத்தி, “பழைய இரும்புக்காரன் சந்தோஷப்படுவான்” என்றார்.

உள்கூரைத் துணி வினைல், பின்னால் ஸ்பாஞ்ச். அந்த ஸ்பாஞ்ச் இத்தனை வருஷச் சூட்டில் பாகாக உருகிக் கையில் ஒட்டியது. அதைச் சுரண்டி முடிக்க இரண்டு நாள். அதைப் பற்றி எழுதக்கூட எனக்கு இஷ்டமில்லை.

உண்மையான கேடு சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. அறைச் சுவர் என்பது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்த சாண்ட்விச். கட்டினவன் ஜன்னல் ஓட்டையை வெட்டிவிட்டு, வெட்டின விளிம்பில் பிளைவுட்டை அப்படியே திறந்து விட்டிருக்கிறான். வருஷக்கணக்காகச் சட்டத்தின் கீழ்விளிம்பில் நின்ற தண்ணீரை அது குடித்திருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் ‘டக் டக்’, கெட்ட இடத்தில் ‘தொப் தொப்’. இடப்பக்கம் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு மரம் புகையிலைத் தூளாக வந்தது. ஜன்னலை மட்டும் புதுசாக வாங்கி மாட்டியிருந்தால், அழுகலின்மேல் அழகாக மூடியிருப்பேன்.

குடைவதற்கு ஒரு கைவேலை. மூன்றங்குல ஆணியின் தலையை வெட்டி, நுனியை அரை அங்குலம் எல் போல வளைத்து, டிரில்லில் மாட்டி, இரண்டு தோலுக்கும் நடுவே விட்டு ஓட்டினால், தோலைத் தொடாமல் நடு மரத்தை மட்டும் பிய்த்துத் தள்ளும். ஓரம் முழுக்க 12 மி.மீ. ஆழத்துக்கு, அழுகின இடத்தில் நல்ல மரம் தட்டுப்படும் வரை. பிறகு நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவிட்டோம். காய்வதற்கு ராமநாதபுரத்து வெயிலைக் குறை சொல்ல முடியாது. பன்னிரண்டு நாள் சும்மா திறந்து போட்டோம். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் எப்பாக்சி (ஹார்ட்னர் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) ஊற்றினால், உள்ளே பூட்டிய ஈரம் அங்கேயே இருந்து மறுபடி அழுகவைக்கும்.

நிரப்ப எப்பாக்சி, அதில் கொலாய்டல் சிலிக்கா தூள். முதலில் தூள் இல்லாமல் வெறும் எப்பாக்சியைப் பிரஷ்ஷால் மரத்துக்குக் குடிக்கக் கொடுத்தோம். அது ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே கெட்டிக் கலவை. பதம் கேழ்வரகுக் களி மாதிரி இருக்க வேண்டும், கரண்டியைக் கவிழ்த்தால் விழக்கூடாது. கூழ் பதத்தில் வைத்தால் நெட்டுக்குத்துச் சுவரில் வழிந்து போகும்.

இங்கே முதல் விபத்து. காலை பதினோரு மணிக்குக் கால் லிட்டர் அளவு ஒரே பிளாஸ்டிக் டம்ளரில் கலந்தேன். எப்பாக்சி இறுகும்போது தானே சூடு கிளப்பும். ஆழமான பாத்திரத்தில் அந்தச் சூட்டுக்குப் போக வழியில்லை. வெயிலும் சேர்ந்துகொண்டது. இரண்டு கரண்டி வைப்பதற்குள் டம்ளர் கையைச் சுட்டது, புகைந்தது, டம்ளரே நெளிந்து மணலில் சாய்ந்தது. மாமா எதுவும் பேசவில்லை. நாட்டுப்படகுக்காரர்கள் தடைக்காலத்திலும் போய்வருகிறார்கள் அல்லவா, அவர்களிடமிருந்து ஒரு கூடை மீன் ஐஸ் வாங்கி வந்து வைத்தார். மறுநாள் அதிகாலை ஐந்தரைக்கு, மெதுவாக இறுகும் ஹார்ட்னர், தட்டையான அலுமினியத் தட்டு, தட்டுக்கு அடியில் ஐஸ். ஒரு தடவைக்கு நூறு மில்லிக்கு மேல் கலக்கவில்லை. முழு வேலையும் காலை ஒன்பதுக்குள் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த மாசம் முழுக்க, ஒட்டுகிற எந்த வேலையையும் ஒன்பது மணிக்கு மேல் தொடவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: பத்து மணிக்கு மேல் சோழகக் காற்று கிளம்பி மணலை வாரி அடிக்கும். படகைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டினோம். கீற்று மணலை முழுசாகத் தடுக்காது, வேகத்தைக் கொல்லும்.

இறுகின எப்பாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு பிசுக்கு படியும். நம் கடற்கரை ஈரக்காற்றில் கூடுதலாகவே படியும். அதை வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் வைத்துக் கழுவின பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கைத் தேய்த்து உள்ளே ஏற்றுவதாகிவிடும்.

இதற்கிடையே ஜன்னல் எதில் செய்வது என்ற பஞ்சாயத்து. மச்சானுக்குப் பித்தளை ஆசை. குஜராத்தில் அலங் கரையில் கப்பல் உடைக்கிற இடத்துக் கடைகளில் பழைய கப்பலின் பித்தளை வட்ட ஜன்னல் கிடைக்கும், கொண்டுவருவோம் என்றான். கப்பல் ஜன்னல் அம்மிக்கல் கனம். ஆறு அம்மிக்கல்லைச் சுவரில் தொங்கவிட்டுப் பாய் விரித்தால் படகு என்ன ஆகும் என்று கேட்டதும் விட்டுவிட்டான். வீட்டு வாசலுக்கு ஒன்று வாங்கலாம்தான்.

மதுரையில் விளம்பரப் பலகை செய்யும் கடைக்காரர் பாலிகார்பனேட்டைத் தள்ளப் பார்த்தார். சுத்தியலால் அடித்துக் காட்டினார், உடையவே இல்லை. வாஸ்தவம், அதன் பலம் அதுதான். ஆனால் விரல் மோதிரம் பட்டாலே கீறல் விழும், வெயிலில் அக்ரிலிக் அளவுக்கு நிற்காது, மஞ்சளாகும். நான் கேட்டது வார்ப்பு அக்ரிலிக், 8 மி.மீ., புகை நிறம். படகு ஜன்னலின் கனம் எவ்வளவு என்பதற்கு ஐஎஸ்ஓ 12216 என்று ஒரு தரநிலை உண்டு. ஜன்னலின் பரப்பு, அது இருக்கும் இடம், படகு எவ்வளவு முரட்டுக் கடலைத் தாங்க வேண்டும் என்பதைப் பொறுத்துக் கனம் மாறும். பழசு 6 மி.மீ.தான். நான் ஒரு படி கூட்டிக்கொண்டேன்.

கடையில் லேசர் வெட்டு மலிவு, விளிம்பு கண்ணாடி போல மின்னும். அந்த மினுமினுப்பில் மயங்கக் கூடாது. லேசர் சூட்டில் உருகி உடனே குளிர்ந்த விளிம்பில் இழுவிசை தங்கிவிடும். பின்னால் ஏதாவது கரைப்பான் பட்டால் அந்த விளிம்பிலிருந்துதான் முடி போன்ற வெடிப்பு கிளம்பும். சுழலும் பிளேடால் வெட்டும் ரௌட்டர் மெஷினில் வெட்டித் தரச் சொன்னேன். விளிம்பு சொரசொரப்பாக வந்தது, உப்புத்தாளில் நானே தேய்த்துக்கொண்டேன்.

அளவு எடுக்கும்போது ஒன்று கண்டோம். நாலு நீள ஜன்னலும் ஒரே அளவு என்று நினைத்து ஒரே அட்டையை வெட்டி வைத்துப் பார்த்தால், இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 6 மி.மீ. வித்தியாசம். “கையால செஞ்சது” என்றார் மாமா, முதல்தடவையாக அந்தப் படகின்மேல் ஒரு மரியாதையோடு. நாலுக்கும் தனித்தனி அட்டை. எது மேல், எது அணியப் பக்கம் என்று ஒவ்வொன்றிலும் எழுதிவைத்தோம். எழுதாவிட்டால் கட்டாயம் மாறும்.

ஸ்க்ரூ விஷயத்துக்கு வருகிறேன். அக்ரிலிக் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 0.07 மி.மீ. நீளும். என் ஜன்னல் 900 மி.மீ. காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 1.9 மி.மீ. புகை நிறம் வெயிலைக் குடிப்பதால் 30 என்பது சாதாரணம். அதே நேரத்தில் ஃபைபர் சுவர் நீள்வது அதில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி 1.3 மி.மீ. எங்காவது போயாக வேண்டும். போன வருஷம் நான் பத்து ஸ்க்ரூவை வைத்து அதன் வழியை அடைத்தேன். அது ஓட்டை ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பசையையும் பிதுக்கித் தள்ளிவிட்டதால், அசைவைத் தாங்க நடுவே தாள் கனம்கூட மிச்சமில்லை. மாமாவின் கேள்விக்கு இதுதான் பதில்: இங்கே அடைப்பது மரமும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, இரண்டுக்கும் நடுவே நாம் விட்டுவைக்கும் ரப்பர். அதற்கு இடம் விட்டால்தான் வேலை செய்யும்.

ஆகவே இந்த முறை ஸ்க்ரூவே கிடையாது. வெளிப்பக்கமாக, ஓட்டையைவிடச் சுற்றிலும் 30 மி.மீ. பெரிதான அக்ரிலிக். ஓட்டையின் ஓரத்தை ஒட்டி சுமார் 2 மி.மீ. கனமுள்ள விஎச்பி டேப், இரண்டு பக்கமும் பலமாக ஒட்டும் டேப். அது பிடித்தும் வைக்கும், இடைவெளியையும் காக்கும். டேப்புக்கு வெளியே மிச்சமுள்ள அகலம் முழுக்கக் கட்டடக் கண்ணாடிக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் சிலிக்கோன், டவ்சில் 795. உயரக் கட்டடங்களில் முகப்புக் கண்ணாடியை இதைக்கொண்டு ஒட்டுகிறார்கள். இறுகின பிறகும் தன் அகலத்தில் பாதி அளவுக்கு இழுபடும், சுருங்கும். ஹார்டுவேர் கடையில் குளியலறைக்கு விற்கும் சிலிக்கோன் வேறு சரக்கு, குழம்ப வேண்டாம். படகுக்காரர்களிடம் பாலிசல்ஃபைடு என்ற அடைப்புப் பசைக்கு நல்ல பேர் உண்டு. தேக்குக்கும் உலோகத்துக்கும் சரி, அக்ரிலிக்குக்கு ஆகாது. அதிலுள்ள கரைப்பான் வெடிப்பைக் கொண்டுவரும்.

சிலிக்கோனுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது ஒருமுறை பட்ட இடத்தில் பெயிண்டோ எப்பாக்சியோ வேறெதுவும் ஒட்டாது. அதனால் சுவருக்கு பெயிண்ட் அடித்து, காய்ந்து, எல்லாம் முடிந்தபிறகுதான் டியூபின் மூக்கை வெட்டினேன்.

இரண்டாவது விபத்து துடைப்பதில். ஃபைபரை அசிட்டோனால் துடைக்க வேண்டும், அக்ரிலிக்கை அசிட்டோன் தொடவே கூடாது. இதைத் தெளிவாகச் சொல்லி, இரண்டு பாட்டில், இரண்டு துணி என்று வைத்தேன். மச்சான் உதவிக்கு வந்தான். ஃபைபர் துடைத்த துணியாலேயே முதல் அக்ரிலிக்கின் ஓரத்தையும் பாசமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டான். கண்ணெதிரே வெள்ளையாக மங்கி, ஓரத்தில் நெல்முனை போல வெடிப்பு வந்தது. ஒரு ஜன்னல் போச்சு, மதுரைக்கு இன்னொரு நடை. அதற்குப் பிறகு அசிட்டோன் பாட்டிலில் சிவப்புத் துணி கட்டினோம். அக்ரிலிக்குக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. ஒட்டும் ஓரத்தில் மட்டும் பாதுகாப்புத் தாளை உரித்து, 220 உப்புத்தாளால் மங்கலாக்கித் துடைத்தோம். நடுத் தாளைக் கடைசி நாள் வரை உரிக்கவில்லை.

ஒட்டும் நாள் மூன்று பேர். விஎச்பி டேப் ஒருமுறை தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் முந்தின நாளே வெறுமனே வைத்துப் பார்த்து, கீழ்விளிம்புக்கு இரண்டு மரக்கட்டையைத் தாங்கலாக ஒட்டி, மூலைகளைப் பென்சிலில் குறித்திருந்தோம். அதிகாலை. அக்ரிலிக்கைக் கட்டையில் உட்காரவைத்து, மாமா நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே போனார். சுவரில் லேசான வளைவு உண்டு, டேப் பிடித்துக்கொண்டது. பிறகு நான் சிலிக்கோன் துப்பாக்கியை எடுத்து, இடைவெளிக்குள் மூக்கை விட்டு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக நிரப்பினேன். நடுவில் நிறுத்தினால் காற்றுப் பை விழும். டைல்ஸ் போடுகிறவர்கள் சோப்புத் தண்ணீர் தொட்டு வழிப்பார்கள், இங்கே அது கூடாது, ஒட்டு கெடும். ஐஸ்கிரீம் குச்சியை வட்டமாகத் தேய்த்து, உலர்ந்த குச்சியாலேயே ஓரம் வழித்தோம். நம் ஊர் ஈரத்தில் மேல்தோல் சீக்கிரம் கட்டுகிறது. இந்தச் சிலிக்கோன் காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகுகிறது. வழித்த கையோடு மறைப்பு டேப்பை இழுத்துவிட வேண்டும். ஒரு ஜன்னலில் டீ குடித்துவிட்டு வந்து இழுத்தேன், ஓரம் எலி கடித்தது மாதிரி ஆகிவிட்டது. இன்றும் இருக்கிறது.

இரண்டு வாரம் யாரையும் தொடவிடவில்லை.

அணியத்துச் சின்ன ஜன்னல்கள் இரண்டும் ஆயத்தமாக வாங்கினவை, வெளியிலிருந்து வரவழைத்த பிளாஸ்டிக் சட்டம். ஆர்டர் கொடுக்கும் முன் சுவரின் கனத்தை அளந்திருந்தேன். சட்டத்தின் கழுத்து சுவரைத் தாண்டி வெளியே கொஞ்சம் நீட்ட வேண்டும், அதைப் பொறுத்துத்தான் அளவு. இங்கே சட்டம் உண்டு, போல்ட் உண்டு, ஆகவே பியூட்டைல் டேப். இது இறுகவே இறுகாது, வருஷக்கணக்காகக் களிமண் போல இளகியே இருக்கும். அதுதான் அதன் நல்ல குணம். ஆனால் மே மாத மண்டபத்தில் அது திருநெல்வேலி அல்வா. கையிலிருந்து சட்டத்துக்குப் போகமாட்டேன் என்றது. மறுபடி மாமாவின் ஐஸ் பெட்டி. பத்து நிமிஷம் உள்ளே வைத்து எடுத்தால் கயிறு போல ஒழுங்காக வந்தது. போல்ட் ஓட்டைகளின் வாயைக் கொஞ்சம் அகலமாகக் குடைந்தோம், அந்தப் பள்ளத்தில் பியூட்டைல் மோதிரம் போல உட்காரும். முறுக்குவது ஒரே நாளில் இல்லை. காலையில் கால் சுற்று, மறுநாள் கால் சுற்று. ஐந்து நாளில் பிதுங்குவது நின்றது. பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டி எடுத்தால் உருண்டை பிடித்து அடுத்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கொசுவலையை மறக்காமல் கேட்டு வாங்கினேன். மண்டபத்தில் ராத்திரி திறக்கிற ஜன்னலுக்கு வலை இல்லையென்றால் அது ஜன்னலே அல்ல.

சோதனைக்கு நல்ல தண்ணீரை வீணடிக்க மனசு வரவில்லை. ராமநாதபுரத்துக்காரனுக்கு ஒரு குடத்தின் அருமை தெரியும். பம்பில் கடல்தண்ணீரை அடித்து, கடைசியில் மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீரால் கழுவினோம். உள்ளே ஜன்னல் ஓரம் முழுக்க சாக்பீஸ் தூள் தடவியிருந்தேன், ஒரு துளி வந்தாலும் கோடு தெரியும். கீழிருந்து ஆரம்பித்து மெல்ல மேலே போனோம். மேலே ஆரம்பித்தால் எங்கே நுழைந்தது என்று தெரியாது. நாலு நீள ஜன்னலும் உலர்ந்தே இருந்தன. வலப்பக்கச் சின்ன ஜன்னலில் ஒரு கோடு. மச்சான் உடனே ஸ்பானரை எடுத்துவிட்டான்.

“வைடா அத” என்றார் மாமா. மூடியைத் திறந்து கேஸ்கெட்டில் விரலை ஓட்டினார். கீற்றுத் தட்டியிலிருந்து விழுந்த ஈர்க்குத் துண்டு ஒன்று, தலைமுடி கனம், ரப்பருக்குக் குறுக்கே கிடந்தது. எடுத்துப் போட்டு மூடினோம். கோடு நின்றது.

இதை எழுதும் ஐப்பசியில் மழை இரண்டு தடவை கொட்டிவிட்டது. மெத்தை காய்ந்தே இருக்கிறது. பாய்மரத்தின் அடியில் மட்டும் ஒரு ஈரத் திட்டு தெரிகிறது. புளோயரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அசிட்டோன் பட்டுக் கெட்ட அந்த அக்ரிலிக்கை மாமா கேட்டு வாங்கிக்கொண்டார். நடுவில் நல்ல பாகத்தை ஒரு முழத்துக்கு வெட்டி, நாலு பலகையில் பெட்டி அடித்து, கீழே அதைப் பதித்தால், தண்ணீர்மேல் வைத்துக் கடலடியைப் பார்க்கலாம். பாசி எடுக்கப் போகும் அவர் தங்கச்சிக்காம். மிச்சச் சிலிக்கோனோடு அவர் வீட்டுக்குப் போனேன். பலகை, உளி, அளந்து வெட்டிய அக்ரிலிக் எல்லாம் திண்ணையில் தயாராக இருந்தன. பக்கத்தில் ஒரு சின்னப் பொட்டலத்தில் பித்தளை ஸ்க்ரூ.

நான் பொட்டலத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். “பலகைக்குத்தான் மாப்ள” என்றார்.